கியூபெக்கும் லாபுவும்: கூட்டரசுக்குள் ஒரு மொழி பிழைப்பது எப்படி?

என் அக்காள் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்கப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்ப்பள்ளியா, தேசியப் பள்ளியா என்று எங்கள் வீட்டில் பல வாரங்களாக வாக்குவாதம். அத்தான் ஒன்றும் தமிழுக்கு எதிரி அல்லர். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பிள்ளை மலாய்மொழியில் திணறக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. பாட்டி அதிகம் பேசவில்லை. "நாம கட்டுன பள்ளிக்கூடத்துக்கு நாமளே போகலேன்னா வேற யாரு போவா?" என்று மட்டும் கேட்டார்.

அதே வாரத்தில், கூட்டரசு நாடுகளைப் பற்றிய பாடத்திற்காகக் கனடாவின் கியூபெக் மாகாணத்தைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. பிரெஞ்சு பேசும் மக்கள், ஆங்கிலம் பேசும் பெரிய நாடு ஒன்றோடு இணைந்த பிறகு என்ன ஆனார்கள் என்பது தலைப்பு. பனி கொட்டும் அந்த நாட்டுக்கும் நெகிரி செம்பிலானின் லாபுவுக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும் என்ற நினைப்போடுதான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, எங்கள் வீட்டு வாக்குவாதம் உலகத்தின் மறுபக்கத்தில் 100 ஆண்டுகளுக்கு மேலாக நடந்திருப்பது தெரிந்தது.

இரண்டு கூட்டரசுகள்

1867 ஜூலை 1ஆம் நாள் ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் ஆகிய நான்கு மாகாணங்களோடு கனடாக் கூட்டரசு பிறந்தது. பிரெஞ்சு பேசுவோர் கியூபெக்கில் பெரும்பான்மை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிறுபான்மை. கூட்டரசு நாடாளுமன்றத்திலும் கியூபெக் சட்டமன்றத்திலும் இரு மொழிகளையும் பயன்படுத்தலாம் என்று அரசியலமைப்பு சொன்னது. பள்ளிகளைப் பொறுத்தவரை, அது பாதுகாத்தது சமயத்தை: கத்தோலிக்கப் பள்ளி, புரோட்டஸ்டண்ட் பள்ளி என்ற பிரிவினையை. எந்த மொழியில் பாடம் நடக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. பின்னாளில் வந்த பெரும்பாலான சண்டைகளுக்கு இந்த ஓட்டைதான் காரணம்.

நம் கதைக்கு வருவோம். நெகிரி செம்பிலான் என்ற பெயருக்கே 'ஒன்பது நாடுகள்' என்று பொருள். சிறு சிறு நாடுகள் இணைந்து ஒரு மாநிலமாகி, 1896இல் பேராக், சிலாங்கூர், பகாங் ஆகியவற்றோடு ஐக்கிய மலாய் மாநிலங்களில் சேர்ந்தது. அதன்பின் 1948இல் மலாயாக் கூட்டரசு, 1957இல் சுதந்திரம், 1963இல் மலேசியா. இந்தப் பேச்சுவார்த்தைகள் நடந்துகொண்டிருந்தபோது, சிரம்பானுக்கு அருகே இரயில் பாதையை ஒட்டிய லாபுத் தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கியூபெக் மக்களுக்கு ஒரு மாகாணமும் ஒரு சட்டமன்றமும் இருந்தன. நமக்கு இருந்தது லயமும், ஒரு கோயிலும், ஒரு பள்ளிக்கூடமும்.

1912: ஒரே ஆண்டு, இரு சட்டங்கள்

கியூபெக்கிற்கு வெளியே வாழ்ந்த பிரெஞ்சு மக்களின் நிலை நம்முடையதற்கு இன்னும் நெருக்கமானது. 1890இல் மானிடோபா மாகாணம் பிரெஞ்சு மொழிக்கு இருந்த அதிகாரத் தகுதியை நீக்கியது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கான பொதுப்பணத்தையும் நிறுத்தியது. 1912இல் ஒன்ராறியோ மாகாணம் '17ஆம் விதி' என்ற ஆணையைப் பிறப்பித்தது. தொடக்கப்பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சு மொழியில் பாடம் நடத்தக் கூடாது என்பதே அதன் சாரம்.

அதே காலத்தில் மலாயாவில் நடந்ததைப் பாருங்கள். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதை வலுப்படுத்திய 1923ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றன. அங்கே மொழியை அடக்க ஒரு விதி. இங்கே பள்ளி திறக்க ஒரு விதி. மேலோட்டமாகப் பார்த்தால் நம் முன்னோர் அதிர்ஷ்டசாலிகள் என்று தோன்றும்.

பாட்டியின் கதையைக் கேட்டால் அப்படித் தோன்றாது. 1960களின் தொடக்கத்தில் அவர் படித்த தோட்டப் பள்ளியில் ஒரே கூடத்தில் பல வகுப்புகள். ஒரு வகுப்பு வாய்பாடு சொல்ல, அடுத்த வகுப்பு பலகையில் எழுதிக்கொண்டிருக்குமாம். அவருடைய அம்மா விடியுமுன் வெட்டுக்குப் போய்விடுவார். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். நடுவில் பிறந்த இரண்டு தம்பிகள் பாட்டியின் பொறுப்பில். நான்காம் வகுப்போடு பாட்டியின் படிப்பு நின்றது. "படிப்பு கசக்கல. கூப்பிட ஆள் இல்ல" என்பார்.

தோட்டப் பள்ளியின் முதன்மை நோக்கம் பிள்ளைகளை மேலே ஏற்றுவது அன்று. தொழிலாளர் குடும்பத்தோடு வந்து தங்க வேண்டும், அடுத்த தலைமுறையும் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்பது நிர்வாகத்தின் தேவை. ஆனாலும் அந்தக் கூடத்தில்தான் பாட்டி எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். இன்றும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறார்.

ஒன்ராறியோ பிரெஞ்சு மக்கள் தங்கள் விதியை ஏற்கவில்லை. 1916 ஜனவரியில், ஒட்டாவா நகரின் கீக் பள்ளியில், அரசு அனுப்பிய அதிகாரிகள் உள்ளே நுழையாதபடி அம்மாக்கள் வாசலில் காவல் நின்றார்கள். கையில் கிடைத்ததுதான் ஆயுதம்: தொப்பியைக் கூந்தலோடு சேர்த்துக் குத்தும் நீண்ட ஊசிகள். 'தொப்பி ஊசிப் போர்' என்று அதை இன்றும் நினைவுகூர்கிறார்கள். 17ஆம் விதி 1927இல் கைவிடப்பட்டது.

நான்கு அறிக்கைகள்

நம் அம்மாக்கள் ஊசி எடுக்கவில்லை. நம் போராட்டம் அறிக்கைகளோடும் மனுக்களோடும் நடந்தது. தேர்வுக்கு வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

1951ஆம் ஆண்டு பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக எல்லா இனத்தவருக்கும் மலாய், ஆங்கிலம் என்ற இரு மொழிகளில் இயங்கும் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. சீனக் கல்வி குறித்து அதே ஆண்டில் வந்த பென்–வூ அறிக்கை தாய்மொழிக் கல்விக்கு ஆதரவாகப் பேசியது. தமிழ்ப்பள்ளிகளுக்கென்று அத்தகைய தனிக்குரல் வலுவாக எழவில்லை. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைதான் தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகளை நாட்டின் கல்வி அமைப்புக்குள் ஏற்று, எல்லாருக்கும் பொதுவான பாடத்திட்டம் என்ற கொள்கையைத் தந்தது. 1960ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேசிய மாதிரிப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தைக் கல்வி அமைச்சருக்குக் கொடுத்தது. தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கத்தி 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில்தான் அகற்றப்பட்டது.

இதற்கெல்லாம் மேலாக, அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு இருக்கிறது. தேசிய மொழி மலாய். ஆனால் வேறு எந்த மொழியையும் கற்கவோ கற்பிக்கவோ யாரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் உள்ளடக்கம். தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு எதிரானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், அவை செல்லும் என்று உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரிலும் தீர்ப்பளித்தன. மானிடோபாவின் 1890ஆம் ஆண்டு மொழிச் சட்டம் செல்லாது என்று கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது 1979இல். கிட்டத்தட்ட 90 ஆண்டுகள்! அதற்குள் அங்கே பல பிரெஞ்சுக் குடும்பங்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன. தீர்ப்பு மட்டும் மொழியைத் திருப்பிக் கொடுத்துவிடாது.

தாங்கிய தூண் சாய்ந்தபோது

கியூபெக் வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1960. அதுவரை கியூபெக்கின் பிரெஞ்சுப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பெரும்பாலும் கத்தோலிக்கத் திருச்சபைதான் நடத்தியது. மொழியைத் தாங்கிய தூண் அது. ஆனால் தொழிற்சாலையும் வங்கியும் ஆங்கிலம் பேசுவோர் கையில் இருந்தன. தங்கள் சொந்த மாகாணத்திலேயே பிரெஞ்சு மக்களின் வருமானம் பிற இனத்தவரை ஒப்பிட ஏறக்குறைய கடைசி வரிசையில் இருந்ததை அக்காலத்து அரச ஆணையம் ஒன்று எடுத்துக்காட்டியது.

1960இல் ஜான் லெசாஜ் தலைமையில் புதிய அரசு வந்தது. 'நம் வீட்டுக்கு நாமே தலைவர்' என்ற பொருளுடைய முழக்கத்தோடு 1962 தேர்தலைச் சந்தித்து வென்றது. தனியார் மின்சார நிறுவனங்கள் அரசுடைமையாகி 'ஐத்ரோ கியூபெக்' நிறுவனத்தில் சேர்ந்தன. 1964இல் கல்வி அமைச்சு உருவானது. திருச்சபையின் பிடி தளர்ந்தபோது அந்த இடத்தை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் நடந்த இந்த மாற்றத்தை 'அமைதிப் புரட்சி' என்கிறார்கள்.

நம் மொழியைத் தாங்கிய தூண் தோட்டம். அது சாயத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். 1950களின் கடைசியிலும் 1960களிலும் வெள்ளைக்கார முதலாளிகள் பல தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. பத்திரம் இல்லாத பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வீடமைப்பும் விமான நிலையமும் வந்தன.

லாபுவிலேயே இதைப் பார்க்கலாம். செம்பனை நின்ற நிலத்தில் இன்று பண்டார் என்ஸ்டெக். பக்கத்துச் சிப்பாங்கில் 1998இல் கே.எல்.ஐ.ஏ. திறந்தது. 2009இல் லாபுவிலேயே மலிவுக் கட்டண விமான முனையம் ஒன்று வரப்போவதாக அறிவிப்பு வந்து, சில வாரங்களில் கைவிடப்பட்டது. அந்தச் செய்தி வந்த நாள்களில் கடைத்தெருவில் நிலவிலையைத் தவிர வேறு பேச்சே இல்லை என்று அப்பா சொல்வார். தோட்டத்துப் பள்ளி என்னவாகும் என்று கேட்டவர்கள் குறைவு.

தோட்டம் போனபோது கியூபெக்கில் நடந்ததுபோல் ஓர் அரசு நம் பள்ளியைத் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை. பல தமிழ்ப்பள்ளிகள் தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நின்றதால் பகுதி உதவிபெறும் பள்ளிகளாகவே இருந்தன. கட்டடத்துக்கு முழு அரசு உதவி கிடைப்பது கடினம். சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530. பள்ளி எண்ணிக்கை குறைந்ததற்கு இணைப்பும் இடமாற்றமும்கூடக் காரணம் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் லாபுத் தோட்டத்தின் முதலாம் பிரிவு, நான்காம் பிரிவுத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: தோட்டம் மாறினாலும் அதன் பிரிவு எண் பள்ளியின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆளுக்கு ஒரு வெள்ளி

இவ்வளவையும் படித்து நாம் வெறும் பாதிக்கப்பட்டவர்கள் என்று முடிவு செய்தால் அது தவறு. கியூபெக்கில் 1900ஆம் ஆண்டு அல்போன்ஸ் தெஜார்தான் என்பவர் லேவீ என்னும் ஊரில் மக்கள் கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார். ஏழைகளின் சில்லறைச் சேமிப்பில் பிறந்த அது இன்று பெரிய நிதி நிறுவனம். நம் பக்கம், தோட்டத் துண்டாடலுக்கு விடையாகத் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறு தவணைகளில் கட்டிய பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் போன்ற தோட்டங்கள் வாங்கப்பட்டன.

இன்னொன்றும் உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அதில் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரும் பரிந்துரை வந்தது. தமிழுக்கே இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் ஆளுக்கு ஒரு வெள்ளி திரட்டினார். துறை 1956இல் தொடங்கியது. பள்ளியில் நான்கு வகுப்பைத் தாண்டாத தோட்டத் தொழிலாளி, தன் கண்ணால் பார்க்காத பல்கலைக்கழகத்துக்கு ஒரு வெள்ளி கொடுத்தார். நான் பல்கலைக்கழக நூலகத்தில் உட்காரும்போது அந்த ஒரு வெள்ளி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பெற்றோர் கையில் முடிவு

இப்போது எங்கள் வீட்டு வாக்குவாதத்துக்குத் திரும்புகிறேன். 1968இல் மொன்றியாலை ஒட்டிய சாந்லெயோனார் என்னும் ஊரில், இத்தாலியக் குடியேறிகள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப விரும்பினார்கள். உள்ளூர்ப் பள்ளி வாரியம் பிரெஞ்சு மொழியையே கட்டாயமாக்க முனைந்தது. பெரும் சச்சரவு. அந்த இத்தாலிய அப்பாக்கள் பிரெஞ்சை வெறுத்தவர்கள் அல்லர். பிள்ளைக்கு நல்ல வேலை வேண்டும், வேலை ஆங்கிலத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். என் அத்தான் பேசுவதும் இதையேதான்.

கியூபெக் இதற்குக் கண்ட விடை 1977ஆம் ஆண்டின் 101ஆவது சட்டம். புதிதாகக் குடியேறுவோரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போக வேண்டும்; பணியிடத்திலும் பிரெஞ்சு புழங்க வேண்டும். தனிநாடு கேட்கும் இயக்கமும் வளர்ந்தது. 1980 பொதுவாக்கெடுப்பில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் அதற்கு ஒப்பவில்லை. 1995இல் எதிர்ப்பு 50.58 விழுக்காடு, ஆதரவு 49.42. மயிரிழையில் கனடா பிழைத்தது. அந்தச் சட்டம் ஆங்கிலம் பேசும் சிறுபான்மையினரைப் புண்படுத்தியது என்ற குறையும் உண்டு.

நமக்கு அந்த வழி கிடையாது. எந்தச் சட்டமும் ஒரு தமிழ்ப் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பச் சொல்லாது. அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். நமக்கு நெருங்கிய உதாரணம் ஒன்ராறியோவின் அம்மாக்கள்தான். 1982இல் வந்த கனடா உரிமைச் சாசனம் சிறுபான்மை மொழிக் கல்வியை உறுதிசெய்தது. 1990இல் உச்ச நீதிமன்றம், போதிய எண்ணிக்கையில் பிள்ளைகள் இருக்கும் இடங்களில் பள்ளி நிர்வாகத்திலும் பெற்றோருக்கு உரிமை உண்டு என்றது. இன்று ஒன்ராறியோவில் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கென்றே தனி வாரியங்கள் இருக்கின்றன.

'போதிய எண்ணிக்கை' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தார். நம் கல்விச் சட்டமும் ஓர் எண்ணைச் சொல்கிறது: 15. தேசியப் பள்ளியிலோ இடைநிலைப்பள்ளியிலோ 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி கற்பிக்கப்பட வேண்டும். நான் முதலாம் படிவத்தில் இருந்தபோது எங்களிடம் 13 கையெழுத்துகளே இருந்தன. அம்மா வேலை முடிந்து வந்து, மோட்டார் சைக்கிளில் தாமான் தாமானாக அலைந்தார். ஒரு வீட்டில் "தமிழ் எடுத்தா சராசரி குறையும்" என்றார்கள். இன்னொரு வீட்டில் தேநீர் கொடுத்து, யோசித்துச் சொல்வதாக அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் 15ஆவது கையெழுத்து கிடைத்தது. வகுப்பு நடந்தது. எஸ்.பி.எம். தேர்வில் நாங்கள் தமிழ் எழுதினோம். இந்தக் கட்டுரையை நான் தமிழில் எழுத முடிவது அந்த 15ஆவது கையெழுத்தால்.

அதனால் மாணவ நண்பர்களே, இதைச் சொல்லி முடிக்கிறேன். நமக்கு மாகாணம் இல்லாததால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்பது சோம்பலான வாதம். உங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால் முதலில் எண்ணிப் பாருங்கள்; எத்தனை பேர் குறைகிறார்கள் என்று பாருங்கள். எஸ்.பி.எம். பாட எண்ணிக்கை பத்து என்று 2009இல் சுருக்கப்பட்டபோது, சமுதாயம் குரல் கொடுத்ததால்தான் கூடுதலாக இரண்டு பாடங்கள் எடுக்க வழி பிறந்தது. அப்படிக் கிடைத்த இடத்தை நாம் காலியாக விட்டால், குறை சொல்ல வேறு ஆளைத் தேட முடியாது.

அக்காள் மகள் தமிழ்ப்பள்ளிக்குத்தான் போகிறாள். அத்தான் ஒரு நிபந்தனை வைத்தார்: தினமும் அரை மணி நேரம் யாராவது அவளோடு மலாய்ப் புத்தகம் வாசிக்க வேண்டும். நியாயமான நிபந்தனை. வார இறுதியில் அந்தப் பொறுப்பு எனக்கு. பதிவுக்குப் போன அன்று பாட்டியும் கூடவே வந்தார். அக்காள் பாரத்தை நிரப்பி முடித்ததும், அதைக் கையில் வாங்கி, பிள்ளையின் பெயரை ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.